இயந்திரத்தின் மூலையும் பலகையின் மூலையும்

ஜிஆர்பிஎல் என்ற கட்டுப்பாட்டு மென்பொருளால் ஓடும் எந்தச் சிறிய சிஎன்சி இயந்திரத்தை (கணினிக் கட்டளைப்படி செதுக்கும் இயந்திரத்தை) எடுத்துக்கொண்டாலும், அதற்குக் கட்டளை அனுப்பும் மென்பொருளின் திரையில் இரண்டு வரிசை எண்கள் தெரியும். ஒன்று இயந்திரத்தின் ஆயத்தொலைவு, மற்றொன்று வேலையின் ஆயத்தொலைவு. புதிதாகப் பழகுபவர்கள் இரண்டாவது வரிசையை மட்டும் பார்த்து, அதில் மூன்று பூச்சியங்கள் தெரிந்தால் எல்லாம் சரியாக இருக்கிறது என்று தொடங்கிவிடுகிறார்கள். பல நாள் வேலை ஒழுங்காகவே நடக்கும். பிறகு ஒரு நாள், பாதி செதுக்கிய பலகையின் மேல் இயந்திரம் எங்கோ ஒரு மில்லிமீட்டர் தள்ளி இறங்கும். அப்போது எந்த எண் எந்த ஆதிப்புள்ளியிலிருந்து அளக்கப்பட்டது என்ற கேள்விக்குப் பதில் தெரியாவிட்டால், மீட்க வழியே இருக்காது.

இயந்திரத்துக்குப் பலகை என்று ஒன்று இருப்பதே தெரியாது. அதற்குத் தெரிந்தது தன் சொந்த மூலை ஒன்றுதான். "பலகையின் முன் இடது மூலை, என் மூலையிலிருந்து எக்ஸில் -212.400, ஒய்யில் -143.750 தொலைவில் இருக்கிறது" என்று நாம் எழுதிக் கொடுக்கும் வித்தியாசம்தான் வேலை ஆஃப்செட். திரையில் தெரியும் வேலை எண் என்பது இயந்திர எண்ணிலிருந்து இந்த வித்தியாசத்தைக் கழித்துக் கிடைப்பது. ஜி54 என்ற பெயரில் அது கட்டுப்பாட்டு அட்டையின் நிலைநினைவகத்தில் எழுதப்படுகிறது; மின்சாரம் போனாலும் அழிவதில்லை. $# என்று அனுப்பினால் ஜி54 முதல் ஜி59 வரை ஆறு ஆஃப்செட்டுகளும் பட்டியலாக வரும். இந்தப் பட்டியலைப் பார்க்கும் பழக்கம் வந்த பிறகுதான் எனக்கு இந்த விஷயம் பிடிபடத் தொடங்கியது.

நான் பழகத் தொடங்கியது 3018 என்று பொதுவாக அழைக்கப்படும் வகையைச் சேர்ந்த இயந்திரத்தில். எக்ஸில் 300, ஒய்யில் 180 மில்லிமீட்டர் நகரக்கூடியது. நகர்வின் கடைசி முனையை உணர்த்தும் லிமிட் சுவிட்ச் இல்லாமல் வந்தது. லிமிட் சுவிட்ச் இல்லாத இயந்திரத்தில் மின்சாரம் கொடுக்கும் கணத்தில் ஸ்பிண்டில், அதாவது வெட்டும் பிட்டைச் சுழற்றும் தலை, எங்கே நிற்கிறதோ அந்த இடமே இயந்திரத்தின் மூலை ஆகிவிடுகிறது. நேற்று எழுதிய ஜி54 எண் நினைவகத்தில் அப்படியே இருக்கும். ஆனால் அது எந்த இடத்திலிருந்து அளக்கப்பட்டதோ அந்த இடம் நகர்ந்துவிட்டது. ஆகவே எண் சரி, பொருள் தவறு. ஒவ்வொரு முறையும் பலகையிலேயே பூச்சியம் வைத்து, மின்சாரத்தை நிறுத்தாமல் ஒரே மூச்சில் முடிக்கும் வேலைகளுக்கு இது போதும். பாதியில் நிறுத்தி மறுநாள் தொடர வேண்டியிருந்தாலோ, ஒரே மாதிரியான துண்டுகளை அடுத்தடுத்துச் செய்ய வேண்டியிருந்தாலோ போதவே போதாது.

எனவே, ஸ்பிண்டிலை மாற்றுவதற்கும் விலையுயர்ந்த பிட்டுகளை வாங்குவதற்கும் முன்னால் மூன்று லிமிட் சுவிட்சுகளைப் பொருத்திவிடுங்கள் என்பதே என் ஆலோசனை. $22 அமைப்பை 1 ஆக்கினால் ஹோமிங், அதாவது சுவிட்சுகளைத் தொட்டு இயந்திரம் தன் மூலையைத் தானே கண்டுபிடிக்கும் வேலை, இயங்கும். $எச் என்று அனுப்பியவுடன் முதலில் இசட் மேலே போகும், பிறகு எக்ஸும் ஒய்யும் தங்கள் சுவிட்சைத் தொட்டு, $27இல் உள்ள தூரம் விலகி நிற்கும். அந்த விலகல் தூரம் வழக்கமாக 1 மில்லிமீட்டர் என்பதால், ஹோமிங் முடிந்தவுடன் இயந்திர எண்கள் மூன்றும் -1.000 என்று காட்டும். இது பிழையன்று. ஜிஆர்பிஎல் தன் மூலையை வலது, பின், மேல் முனையில் வைத்துக்கொண்டு, நகரும் வெளி முழுவதையும் எதிர்ம எண்களில் எண்ணுகிறது. இசட் -2 என்பது ஏறத்தாழ உச்சி, இசட் -40 என்பது மேசைக்கு அருகில். இயந்திர எண்களைப் படிக்கும்போது "எண் சிறியதாகச் சிறியதாக ஆழம்" என்ற கணக்கு மனத்தில் படிய வேண்டும். ஹோமிங் வந்த பிறகு $20 கொண்டு மென்பொருள் எல்லையையும் இயக்கிவிடலாம். $130, $131, $132 ஆகியவற்றில் உண்மையான நகர்வு தூரத்தை எழுதிவைத்தால், எல்லைக்கு வெளியே போகும் கட்டளையை இயந்திரம் நகராமலே மறுத்துவிடும்.

சுவிட்சு ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில் தட்டுகிறதா என்பதை அறிய டயல் கேஜ் தேவையில்லை. மேசையில் ஓர் உலோகக் கட்டையை இறுகப் பிடித்து வைத்து, ஹோமிங் செய்து, தொட்ட இடத்தைக் குறித்துக்கொள்ளும் புரோப் கட்டளையால் அதைத் தொடவைத்து, $# பட்டியலின் பிஆர்பி வரியில் வரும் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். அந்த வரி இயந்திர ஆயத்தொலைவில் இருப்பதால் வேலை ஆஃப்செட் எதுவும் அதைக் கலைக்காது. மீண்டும் ஹோமிங், மீண்டும் தொடுகை. எண்கள் எவ்வளவு சிதறுகின்றனவோ அவ்வளவுதான் உங்கள் ஹோமிங்கின் நம்பகத்தன்மை. என் இயந்திரத்தில் இசட்டின் சிதறல் எக்ஸைவிட அதிகமாக இருந்தது. சுவிட்சைப் பிடித்திருந்த மெல்லிய பிளாஸ்டிக் தாங்கி வளைந்துகொடுத்ததே காரணம். தடித்த தாங்கியாக மாற்றியதும் சிதறல் அடங்கியது.

இங்கே இன்னொரு சிறு விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். ஜிஆர்பிஎல்லின் $1 அமைப்பு வழக்கமாக 25 என்று இருக்கும். நகர்வு நின்று 25 மில்லிநொடி கழிந்ததும் மோட்டார்களுக்கான பிடிப்பு மின்னோட்டம் துண்டிக்கப்படும் என்பது அதன் பொருள். பிட்டை மாற்றுவதற்காக, அதைப் பிடித்திருக்கும் காலெட்டின் நட்டை ஸ்பானரால் திருகும்போது, பிடிப்பில்லாத மோட்டார் ஓரிரு படிகள் நகர்ந்தாலும் திரையில் எண் மாறாது. $1ஐ 255 ஆக்கினால் மோட்டார்கள் எப்போதும் பிடித்துக்கொண்டே இருக்கும். கொஞ்சம் சூடாகும், அவ்வளவுதான். மின்சாரத்தையே நிறுத்திவிட்டுத் திரும்பக் கொடுத்தாலும் சிக்கல் உண்டு. 200 படி மோட்டாரும் ஒரு சுற்றுக்கு 8 மில்லிமீட்டர் நகர்த்தும் ஸ்க்ரூவும் இருந்தால் ஒரு முழுப் படி என்பது 0.04 மில்லிமீட்டர், மின்சாரம் திரும்பும்போது மோட்டார் அருகிலுள்ள தன் தொடக்க நிலைக்குத் தாவுவதால் முன்னும் பின்னுமாக 2 படிகள் வரை, அதாவது 0.08 மில்லிமீட்டர் வரை மாறக்கூடும். ஸ்பிண்டிலைத் தொடாமல் நிறுத்திவைத்திருந்தோம் என்பதால் இடம் மாறியிருக்காது என்று நம்புவதற்கு இடமில்லை. மீண்டும் ஹோமிங் செய்வதுதான் வழி.

அடுத்தது, பலகையில் ஆதிப்புள்ளியை எங்கே வைப்பது என்ற முடிவு. இது இயந்திரத்தின் முன்னால் நிற்கும்போது எடுக்க வேண்டிய முடிவன்று. கேம் மென்பொருளில் (வரைபடத்தை வெட்டும் பாதையாக மாற்றும் மென்பொருளில்) பாதையை உருவாக்கும்போதே எடுத்துவிட வேண்டியது. பெரும்பாலோர் முன் இடது மூலையையும் பலகையின் மேற்பரப்பையும் வைத்துக்கொள்கிறார்கள், நானும் அப்படித்தான் தொடங்கினேன். இப்போது நான் கேட்டுக்கொள்ளும் கேள்வி ஒன்றே: இந்த வேலையில் எந்த அளவு பிசகக் கூடாது? வட்டத் தட்டின் நடுவில் ஒரு சின்னம் பொறிக்க வேண்டுமென்றால் மையமே ஆதிப்புள்ளி. நேராக அறுக்கப்பட்ட இரண்டு விளிம்புகளிலிருந்து துளைகளின் தொலைவு முக்கியம் என்றால் அந்த விளிம்புகள் சேரும் மூலை. பலகை முழுவதையும் ஊடுருவி வடிவத்தை வெட்டி எடுக்க வேண்டுமென்றால் இசட்டின் பூச்சியம் பலகையின் மேலே இருக்கக் கூடாது, கீழே, மேசையின் மேல் போட்டிருக்கும் அடிப்பலகையில் இருக்க வேண்டும். 12 மில்லிமீட்டர் என்று சொல்லி விற்கப்படும் பிளைவுட் உண்மையில் 12 ஆக இருப்பது அரிது. ஒரே பலகைக்குள்ளேயே இடத்துக்கு இடம் மாறும். மேலிருந்து அளந்து 12.2 ஆழத்துக்கு வெட்டினால், மெல்லிய இடத்தில் அடிப்பலகை தேவையின்றி ஆழமாக உழப்படும். தடித்த இடத்தில் தோல்போல் ஒரு படலம் வெட்டுப்படாமல் நிற்கும். அடிப்பலகையை இசட் 0 என்று வைத்து -0.15 வரை இறங்கச் சொன்னால் பலகையின் தடிமன் எப்படி இருந்தாலும் வெட்டு கீழ்வரை போய்ச் சேரும். ஆனால் அந்த அடிப்பலகையை அதே இயந்திரத்தாலேயே ஒரு முறை சீராகச் சீவியிருக்க வேண்டும். மேற்பரப்பில் செதுக்குவதானால் நேர்மாறாக, மேலேதான் பூச்சியம்.

எக்ஸ், ஒய் விளிம்புகளைக் கண்டுபிடிக்கப் பலரும் பொருத்தியிருக்கும் பிட்டையே விளிம்பில் தொடவைக்கிறார்கள். இரண்டு வெட்டு முனை கொண்ட பிட் சுழலாமல் நிற்கும்போது, அது விளிம்பை நோக்கிக் காட்டும் பக்கம் வெட்டு முனையாக இருக்கலாம், முனைகளுக்கு இடையிலான பள்ளமாகவும் இருக்கலாம். பள்ளம் விளிம்பைப் பார்த்தபடி இருந்தால் பிட்டின் ஆரம் நாம் நினைக்கும் அளவில் இருக்காது. இதற்கு என்னிடம் உள்ள தீர்வு செலவில்லாதது: உடைந்த பிட்டுகளை எறிவதில்லை. 3.175 மில்லிமீட்டர் தண்டு கொண்ட உடைந்த பிட் ஒன்றைத் தலைகீழாக காலெட்டில் மாட்டினால், கீழே துருத்தி நிற்பது துல்லியமாகத் தீட்டப்பட்ட உருளை. அதன் ஆரம் 1.5875. பலகையின் இடது விளிம்பை இடப்பக்கமிருந்து நெருங்கித் தொடும் கணத்தில் உருளையின் மையம் விளிம்புக்கு இடப்புறம் 1.5875 தொலைவில் நிற்கிறது. ஆகவே அனுப்ப வேண்டியது ஜி10 எல்20 பி1 எக்ஸ்-1.5875. எதிர்மக் குறியை விட்டுவிட்டால் வேலை முழுவதும் உருளையின் முழு விட்டத்தளவு, 3.175 மில்லிமீட்டர், இடப்பக்கமாகத் தள்ளிப் போகும். இந்தக் குறிக்காகக் கணக்குப் போடுவதைவிட, கட்டளை அனுப்பிய பின் இசட்டை உயர்த்தி எக்ஸ்0க்குப் போகச் சொல்லி, உருளை விளிம்பின் நேர் மேலே நிற்கிறதா என்று கண்ணால் பார்ப்பது எளிது.

ஜி10 எல்20 என்பதையும் ஜி10 எல்2 என்பதையும் பிரித்தறிய வேண்டும். எல்20 "இப்போது நான் நிற்கும் இடத்துக்கு இந்த எண்ணைக் கொடு" என்கிறது. எல்2 "ஆஃப்செட் என்பது இயந்திர மூலையிலிருந்து இந்த எண்" என்கிறது. முன்பு குறித்துவைத்த ஆஃப்செட்டைத் திரும்ப எழுதத்தான் எல்2 பயன்படும். அன்றாட வேலைக்கு எல்20 போதும். பி1 என்பது ஜி54ஐக் குறிக்கும், பி2 என்பது ஜி55ஐ, இப்படியே போகும். பி0 என்றால் அந்த நேரத்தில் எது நடப்பில் இருக்கிறதோ அது.

மையத்தை ஆதிப்புள்ளியாக வைக்கும் முறை எனக்கு மிகவும் பிடித்தது, ஏனெனில் அதில் ஆரத்தின் கணக்கே வராது. இடது விளிம்பைத் தொட்டு எக்ஸ்0 என்று வையுங்கள். இசட்டை உயர்த்தி வலப்பக்கம் போய், வலது விளிம்பை வெளியிலிருந்து தொடுங்கள். 100 மில்லிமீட்டர் அகலப் பலகையில் திரை 103.175 என்று காட்டும். அதில் பாதி 51.5875, அங்கே போய் எக்ஸ்0 என்று வைத்தால் மையம் கிடைத்துவிட்டது. இதோடு ஒரு சோதனையும் இலவசமாகக் கிடைக்கிறது. 103.175இலிருந்து உருளையின் விட்டத்தைக் கழித்தால் 100.000 வர வேண்டும். வெர்னியரில் அளந்த அகலத்தோடு அதை ஒப்பிடுங்கள். என் இயந்திரத்தில் 99.90 என்று வந்தது. பலகை சரி, வெர்னியரும் சரி. இடது விளிம்பைத் தொடும்போது இயந்திரம் வலப்பக்கமாக நகர்ந்து வருகிறது, வலது விளிம்பைத் தொடும்போது இடப்பக்கமாக. திசை மாறும்போது ஸ்க்ரூவுக்கும் பித்தளை நட்டுக்கும் இடையிலுள்ள தளர்வை முதலில் தின்றுவிட்டுத்தான் ஸ்பிண்டில் நகரத் தொடங்கும். அந்தத் தளர்வுதான் 0.10. பேக்லாஷ் எனப்படும் இந்தத் தளர்வு எவ்வளவு என்பதை அளக்க இதைவிட எளிய முறையை நான் கண்டதில்லை. மையத்தில் இதன் விளைவு பாதிதான், 0.05. பொறிப்பு வேலைக்கு அது கண்ணுக்கே தெரியாது. ஆனால் இரண்டு பக்கமும் செதுக்கும் வேலையில் அதே பிழை திருப்பிப் போட்டவுடன் இரட்டிப்பாகித் தெரியும்.

இனி இசட். எக்ஸிலும் ஒய்யிலும் 0.1 மில்லிமீட்டர் தவறினால் பெரும்பாலும் யாரும் கவனிக்க மாட்டார்கள். இசட்டில் அப்படி இல்லை. வி வடிவ பிட்டால் எழுத்துப் பொறிக்கும்போது வெட்டின் அகலம் ஆழத்தைப் பொறுத்தது. 60 பாகை பிட்டில் ஆழம் 0.1 கூடினால் கோட்டின் அகலம் ஏறத்தாழ 0.115 கூடும், 90 பாகை பிட்டில் 0.2 கூடும். சிறிய எழுத்துகளில் அது வெளிப்படையாகத் தெரியும், சுழிகள் அடைத்துக்கொள்ளும். தாமிரத் தகடு ஒட்டிய மின்சுற்று அட்டையில் தாமிரத்தின் தடிமனே வழக்கமாக 0.035 மில்லிமீட்டர்தான் என்பதால் அங்கே 0.1 பிழை என்பது பேச்சுக்கே இடமில்லாதது.

தாள் முறையில் தொடங்குவது நல்லது, கை பழகுவதற்காக. ஸ்பிண்டில் நின்றிருக்க வேண்டும். அச்சுப்பொறியில் பயன்படுத்தும் சாதாரணத் தாளின் தடிமன் ஏறத்தாழ 0.1 மில்லிமீட்டர், உங்கள் தாளை வெர்னியரில் பத்து அடுக்காக அளந்து பத்தால் வகுத்தால் நம்பத்தக்க எண் கிடைக்கும். தாளை பிட்டுக்கு அடியில் மெல்ல ஆட்டிக்கொண்டே இசட்டை முதலில் 0.1, பிறகு 0.02 என்று இறக்க வேண்டும். முதலில் தாள் தடையின்றி வழுக்கும். அடுத்த ஓரிரு படிகளில் முனை உரசும் ஒலி கேட்கும். அதற்கு அடுத்த படியில் தாள் இழுபடும், ஆனால் கிழியாது. நிறுத்த வேண்டிய இடம் அதுதான். அதற்கு மேல் ஒரு படி இறக்கினால் தாள் பிடிபட்டுவிடும். அந்த இடத்தில் ஜி10 எல்20 பி1 இசட்0.1 என்று அனுப்ப வேண்டும், இசட்0 என்று அன்று. மரத்தில் இந்த முறை போதுமானது. கூர்மையான வி பிட்டில் இது அவ்வளவு பொருந்தாது. முனை தாளைத் துளைத்துக்கொண்டு போய்விடுவதால் உரசலை உணர முடியாது.

புரோப் தகடு இந்த ஐயங்களைப் போக்கும், ஆனால் அதற்கும் சில நெளிவு சுளிவுகள் உண்டு. தகட்டில் ஒரு கம்பி, பிட்டில் மாட்டும் கவ்வியில் இன்னொரு கம்பி. இரண்டும் தொட்டால் சுற்று முழுமையாகும், இயந்திரம் நின்றுவிடும். கவ்வியை மாட்ட மறந்தால் சுற்று முழுமையாகவே ஆகாது, பிட் தகட்டுக்குள் இறங்கும். எனவே கட்டளை அனுப்புமுன் தகட்டைக் கையில் எடுத்து பிட்டின் முனையில் தொட்டு, திரையில் புரோப் குறி ஒளிர்கிறதா என்று பார்ப்பதை நான் ஒருபோதும் விடுவதில்லை. கட்டளையிலும் கவனம் வேண்டும். ஜி38.2 இசட்-10 எஃப்50 என்று நேரடியாக அனுப்பினால், ஜி90 நிலையில், அதாவது எண்களை ஆதிப்புள்ளியிலிருந்து எண்ணும் நிலையில், அது "10 மில்லிமீட்டர் இறங்கு" என்று பொருள்படாது; "வேலை ஆயத்தொலைவில் -10 என்ற இடத்துக்குப் போ" என்றே பொருள்படும். பழைய ஆஃப்செட் எதுவோ அதைப் பொறுத்து அந்த இடம் மிக ஆழமாகவும் இருக்கலாம், பிட்டுக்கு மேலேயும் இருக்கலாம். ஆகவே முதலில், நிற்கும் இடத்திலிருந்து எண்ணச் சொல்லும் ஜி91, பிறகு ஜி38.2 இசட்-10 எஃப்50, முடிந்ததும் ஜி90. பத்து மில்லிமீட்டருக்குள் தொடுகை கிடைக்காவிட்டால் இயந்திரம் எச்சரிக்கை கொடுத்து நின்றுவிடும். இந்தத் தூரத்தை 50 என்று தாராளமாகக் கொடுப்பதில் எனக்கு உடன்பாடில்லை.

வேகமும் முக்கியம். தொடுகை கிடைத்த கணத்தில் ஜிஆர்பிஎல் இடத்தைக் குறித்துக்கொள்கிறது. ஆனால் இயந்திரம் உடனே நிற்பதில்லை, வேகம் குறைந்து நிற்கச் சிறிது தூரம் எடுத்துக்கொள்கிறது. இசட்டின் முடுக்கம் நொடிக்கு நொடி 10 மில்லிமீட்டர் என்று இருந்தால், நிமிடத்துக்கு 100 மில்லிமீட்டர் வேகத்தில் அந்தத் தூரம் ஏறத்தாழ 0.14 மில்லிமீட்டர், 25இல் 0.01க்கும் குறைவு. வேகத்தை நான்கில் ஒன்றாகக் குறைத்தால் இந்த மிகை பதினாறில் ஒன்றாகக் குறைகிறது. ஜி10 எல்20 தொட்ட இடத்தை அல்ல, நின்ற இடத்தையே எடுத்துக்கொள்ளும் என்பதால் இந்த மிகை அப்படியே ஆஃப்செட்டில் ஏறிவிடும். முதல் தொடுகை வேகமாக, பின் 1 மில்லிமீட்டர் உயர்த்தி இரண்டாவது தொடுகை எஃப்25இல் மெதுவாக என்று வைத்துக்கொண்டால் போதும். அதன் பிறகு தகட்டின் தடிமனை, அதன் மேல் அச்சிடப்பட்டதை விடுத்து நாமே அளந்ததை, ஜி10 எல்20 பி1 இசட்15.02 என்பது போலக் கொடுக்க வேண்டும்.

பிட்டை மாற்றினால் எக்ஸும் ஒய்யும் அப்படியே இருக்கும், இசட் மட்டும் போய்விடும். புதிய பிட்டைப் பழைய பிட்டின் நீளத்துக்கே மாட்டிவிடலாம் என்று முயல்வது வீண். ஆனால் முதல் பிட் மேற்பரப்பு முழுவதையும் சீவிவிட்டிருந்தால், இரண்டாவது பிட்டுக்குத் தொட்டுப் பார்க்க அந்த மேற்பரப்பே இருக்காது. இதற்காக மேசையின் ஒரு மூலையில், எந்த வேலையிலும் கைபடாத இடத்தில், தட்டையான தலை கொண்ட போல்ட் ஒன்றை நிரந்தரமாக இறுக்கி வைத்திருக்கிறேன். முதல் பிட்டோடு பலகையில் இசட் பூச்சியத்தை வைத்தவுடன், அந்த போல்ட்டின் தலையில் புரோப் தகட்டை வைத்துத் தொடவைத்து, அங்கே வேலை இசட் என்ன காட்டுகிறது என்று எழுதிக்கொள்வேன், எடுத்துக்காட்டாக 7.60. பிட்டை மாற்றிய பின் அதே போல்ட்டில் அதே தகட்டைத் தொடவைத்து ஜி10 எல்20 பி1 இசட்7.60. தகட்டின் தடிமன் இரண்டு பக்கமும் இருப்பதால் அது கணக்கிலேயே வராது. பலகையைத் திரும்பத் தொடவே தேவையில்லை.

ஆறு ஆஃப்செட்டுகள் எதற்கு என்று தொடக்கத்தில் எனக்கும் தோன்றியது. பலகையை ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில் அமர்த்தும் ஜிக் செய்யத் தொடங்கிய பிறகு அவற்றின் அருமை தெரிந்தது. அடிப்பலகையின் மேல் ஒரு மரத்துண்டை ஒட்டி, அதில் எல் வடிவ விளிம்பை அந்த இயந்திரத்தாலேயே வெட்டவைத்தேன். இயந்திரமே வெட்டியதால் அந்த விளிம்புகள் எக்ஸ், ஒய் அச்சுகளுக்கு இயல்பாகவே இணையாக அமைந்துவிடுகின்றன, சதுரக்கோல் தேவையில்லை. உள்மூலையில் மட்டும் பிட்டின் ஆரம் வளைவாக மிஞ்சும் என்பதால், அங்கே சற்று உள்ளே தள்ளி ஒரு துளையிட வேண்டும். இல்லாவிட்டால் பலகையின் மூலை உட்காராது. அந்த எல் மூலை ஜி55இல் நிரந்தரமாக எழுதப்பட்டிருக்கிறது. ஹோமிங் செய்து, பலகையை மூலையில் தள்ளிப் பிடித்து, இசட்டை மட்டும் தொட்டுப் பார்த்தால் வேலையைத் தொடங்கலாம். பெயர்ப்பலகைகள் போன்ற ஒரே அளவுத் துண்டுகளுக்கு இதுவே போதும்.

ஆனால் ஜி55ஐப் பயன்படுத்துபவர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய ஒன்று உண்டு: ஜிஆர்பிஎல்லில் எம்2 அல்லது எம்30 வந்து நிரல் முடிந்ததும் நடப்பு ஆஃப்செட் தானாக ஜி54க்குத் திரும்பிவிடும். ரீசெட் செய்தாலும் அப்படியே. அதன் பிறகு கையால் ஜி10 எல்20 பி0 என்று அனுப்பினால் அது ஜி55ஐத் திருத்தாது, ஜி54ஐத் திருத்தும். இரண்டாவது கோப்பில் ஜி55 என்ற வரி இல்லாவிட்டால் அது ஜி54இன் ஆதிப்புள்ளியிலிருந்து ஓடும். எனவே கேம் மென்பொருளில் ஒவ்வொரு பாதைக்கும் ஆஃப்செட் எண்ணை வெளிப்படையாகக் குறிப்பதும், பி0வைத் தவிர்த்து பி1, பி2 என்று பெயர் சொல்லி அழைப்பதும் நல்லது.

ஜி92ஐப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை: வேண்டாம். அது ஜி54இன் மேல் இன்னொரு வித்தியாசத்தை ஏற்றுகிறது, நினைவகத்தில் தங்குவதில்லை, ரீசெட்டில் மறைந்துவிடும். திரையில் பூச்சியம் தெரியும், ஆனால் அந்தப் பூச்சியம் எப்படி வந்தது என்பது யாருக்கும் தெரியாது. பழைய வழிகாட்டிகள் இன்னும் அதைப் பரிந்துரைப்பதால் சொல்கிறேன். ஏற்கெனவே போட்டிருந்தால் ஜி92.1 அதை நீக்கும்.

பதிந்துவைத்த இடத்துக்குப் போகச் சொல்லும் ஜி28இன் கதை வேறு. சில கேம் மென்பொருள்கள் கோப்பின் முதல் வரிகளிலேயே ஜி28 ஜி91 இசட்0 என்று எழுதிவிடுகின்றன. பாதுகாப்புக்காக இசட்டை உச்சிக்குக் கொண்டுபோவது அதன் நோக்கம். ஹோமிங் உள்ள இயந்திரத்தில், ஜி28.1 மூலம் உச்சிக்குச் சற்றுக் கீழே ஓர் இடத்தைப் பதிந்துவைத்திருந்தால் அது அப்படியே நடக்கும். ஹோமிங் இல்லாத இயந்திரத்திலோ, எதுவும் பதியப்படாதபோது அது இயந்திர எண் 0, அதாவது மின்சாரம் கொடுத்தபோது இசட் நின்ற இடம். அப்போது பிட் மேசைக்கு அருகில் நின்றிருந்தால், முதல் வரியிலேயே ஸ்பிண்டில் முழு வேகத்தில் கீழே இறங்கும். கோப்பை எழுத்துத் திருத்தியில் திறந்து முதல் பத்து வரிகளை வாசிக்க ஒரு நிமிடம்கூட ஆகாது. நானே எழுதும் சிறு நிரல்களில் உயர்த்துவதற்கு ஜி53 ஜி0 இசட்-2 என்றே எழுதுகிறேன். ஜி53 அந்த ஒரு வரிக்கு மட்டும் வேலை ஆஃப்செட்டுகளை ஒதுக்கிவைத்து இயந்திர எண்ணையே எடுத்துக்கொள்ளும். ஹோமிங் இல்லாத இயந்திரத்தில் அதற்கும் பொருளில்லை என்பதைச் சொல்லத் தேவையில்லை.

இரண்டு பக்கமும் செதுக்கும் வேலையில்தான் இவையெல்லாம் ஒன்றாகச் சோதிக்கப்படுகின்றன. சிறிய தட்டு ஒன்றைச் செய்தபோது நான் கடைப்பிடித்த முறை இது. பலகையின் வெளியே வீணாகப் போகும் ஓரத்தில், நடுக்கோட்டிலிருந்து இடமும் வலமும் சம தொலைவில் இரண்டு துளைகளை, பலகையையும் ஊடுருவி அடிப்பலகைக்குள்ளும் போகும்படி இயந்திரத்தாலேயே போடவைத்தேன். அவற்றில் இறுக்கமாகப் பொருந்தும் இரண்டு குச்சிகள். எக்ஸ்0 அந்த நடுக்கோட்டில், ஒய்0 துளைகளின் கோட்டில். முதல் பக்கம் முடிந்ததும் பலகையை இடவலமாகப் புரட்டி அதே குச்சிகளில் அமர்த்தினால் எக்ஸும் ஒய்யும் எதையும் தொடாமலே சரியாக இருக்கும், ஏனெனில் புரட்டும்போது மாறாத கோடு எக்ஸ்0 மட்டுமே. மூலையில் ஆதிப்புள்ளி இருந்திருந்தால் பலகையின் அகலத்தில் உள்ள பிழை முழுவதும் இரண்டாவது பக்கத்தில் வந்து சேர்ந்திருக்கும். இசட்டுக்கு முதல் பக்கத்தில் மேற்பரப்பு பூச்சியம். இரண்டாவது பக்கத்தில் அடிப்பலகை பூச்சியம். புரட்டிய பின் முதல் மேற்பரப்புதான் அடிப்பலகையின் மேல் படிந்திருக்கிறது. ஆகவே இரண்டு பக்கமும் ஒரே பரப்பிலிருந்துதான் அளக்கப்படுகின்றன, தட்டின் அடித்தடிமன் கணக்கிட்டபடியே வரும். புரட்டுமுன் அடிப்பலகையில் ஒட்டியுள்ள மரத்தூளைத் தூரிகையால் நன்றாகத் துடைக்க வேண்டும். குச்சித் துளைக்குள் அடைத்திருக்கும் தூள் பலகையை ஒரு பக்கம் தூக்கிவிடும், கண்ணுக்கு அது தெரியாது.

ஓட்டுவதற்கு முன் ஸ்பிண்டிலை உயர்த்திக் காற்றில் முழுக் கோப்பையும் ஓட்டிப் பார்க்கச் சொல்வார்கள். இசட் ஆஃப்செட்டை 20 மில்லிமீட்டர் உயர்த்தி ஓட்டிவிட்டு, பிறகு அதைத் திரும்ப இறக்க வேண்டும் என்பதால் எனக்கு அதில் விருப்பமில்லை. சரியாக இருந்த ஓர் எண்ணைச் சோதனைக்காகக் கெடுத்து மீண்டும் திருத்துவது போன்றது அது. அதற்குப் பதில், கட்டளை அனுப்பும் மென்பொருள் காட்டும் மிகச் சிறிய, மிகப் பெரிய எக்ஸ், ஒய், இசட் எண்களைப் பார்த்து, இசட்5 உயரத்தில் அந்த நான்கு மூலைகளுக்கும் ஸ்பிண்டிலைக் கொண்டுபோய்ப் பார்க்கிறேன். கிளாம்ப் எதிலாவது இடிக்குமா என்பது அப்போதே தெரிந்துவிடும். இறுதியாக எக்ஸ்0 ஒய்0 இசட்1. பிட்டின் முனைக்கும் பலகைக்கும் இடையே ஒரு மில்லிமீட்டர் இடைவெளி இருக்கிறதா என்று ஒரு அட்டைத் துண்டை நுழைத்துப் பார்த்துவிட்டு ஓட்டத் தொடங்குவேன்.

நடுவில் மின்சாரம் போனாலோ, நகர்ந்துகொண்டிருக்கும்போது ரீசெட் அழுத்த நேர்ந்தாலோ, மீட்கும் வரிசை இதுதான். முதலில் பிட் பலகைக்குள் சிக்கியிருந்தால் இசட் ஸ்க்ரூவைக் கையால் திருகி வெளியே எடுக்க வேண்டும். பலகையின் கிளாம்ப்பைத் தொடக் கூடாது. பிறகு ஹோமிங். ஜி54 நினைவகத்தில் இருப்பதால், ஜி54 ஜி0 எக்ஸ்0 ஒய்0 என்று உயரத்திலேயே அனுப்பி, ஏற்கெனவே வெட்டிய ஏதாவது ஒரு துளையின் மேல் நிறுத்திப் பார்க்க வேண்டும். பிட் உடையாமலும் காலெட்டில் வழுக்காமலும் இருந்தால் இசட்டும் பழையபடியே இருக்கும். ஐயமிருந்தால் மேசை மூலையிலுள்ள போல்ட்டில் ஒரு முறை தொடவைத்து, எழுதிவைத்த எண்ணோடு ஒப்பிடலாம். கோப்பை நின்ற வரியிலிருந்து தொடரும்போது அந்த வரிக்கு முன்னால் மில்லிமீட்டர் அளவைக் குறிக்கும் ஜி21, ஜி90, ஜி54, ஸ்பிண்டில் வேகம், அதைச் சுழலவிடும் எம்3, வெட்டும் வேகமான எஃப் ஆகியவற்றைத் திரும்ப எழுதி, உயரத்திலேயே எக்ஸ் ஒய் இடத்துக்குப் போன பிறகு இசட்டை இறக்கும்படி ஒரு வரியும் சேர்க்க வேண்டும். நின்ற இடத்துக்குச் சில வரிகள் முன்னாலிருந்தே தொடங்குவது நல்லது. ஏற்கெனவே வெட்டிய பாதையில் பிட் காற்றில் ஓடிச் சென்று, எங்கே மரத்தைத் தொடத் தொடங்குகிறது என்பதைக் காதால் கேட்கலாம்.